கோடை விடுமுறையில் ஆசிரியர் எப்போது வேலை பார்ப்பது, எப்போது வீட்டோடு இருப்பது?

விடுமுறை நெருங்கும்போது ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். ஒருவர், "முதல் வாரத்திலேயே எல்லாத்தையும் முடிச்சுடுவேன், அப்புறம் நிம்மதி" என்பார். இன்னொருவர் கடைசி இரண்டு வாரம் வரைக்கும் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்பார். மூன்றாமவர், தினமும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், வீட்டில் யாருக்கும் தெரியாமலே வேலை முடிந்துவிடும் என்பார். இன்னும் சிலர் தனி வகுப்பு, கோடை வகுப்பு என்று சம்பாதிக்கப் போய்விடுவார்கள். ஒவ்வொருவரும் தன் முறைதான் சரி என்று அடித்துச் சொல்வார்கள், கேட்கும் நமக்கும் எல்லாமே சரி என்றுதான் படும்.

எனக்கு இதில் ஒரு திடமான கருத்து உண்டு. வேலைக்கு இத்தனை மணி நேரம், குடும்பத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பிரிப்பதில் பெரிய பயன் இல்லை. வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் சுமாரான முறைகூட ஓடிவிடும். தெரியாத வீட்டில் நல்ல முறையும் சண்டையில்தான் முடியும். இதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு முறையையும் இங்கே எடைபோடுகிறேன்.

"உங்களுக்கென்ன, ஒன்றரை மாதம் விடுமுறை" என்று சொல்பவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கு விடுமுறை என்பதும் ஆசிரியருக்கு விடுப்பு என்பதும் பல நாடுகளில் ஒன்றல்ல. ஜெர்மனியில் கோடையில் பள்ளி ஏறக்குறைய ஆறு வாரம் மூடியிருக்கும், ஆனால் அரசு ஆசிரியருக்கு உரிமையான விடுப்பு மற்ற அரசு ஊழியர்களைப் போல ஆண்டுக்கு 30 நாள் அளவில்தான். மிச்ச நாட்கள் பாடம் நடத்தாத வேலைக் காலம் என்றே கணக்கில் வரும். இங்கிலாந்தில் உள்ளாட்சி நிர்வாகப் பள்ளிகளில் முழுநேர ஆசிரியர் வழக்கமாக ஆண்டுக்கு 195 நாள் பள்ளியின் கட்டளைக்கு உட்பட்டவர், அதில் 190 நாள் பாடம், 5 நாள் மாணவர் வராத பயிற்சி நாட்கள். ஆனால் திருத்துவதற்கும் தயாரிப்பதற்கும் இதைத் தாண்டி ஆகும் நேரமும் அவர் பொறுப்புதான். அமெரிக்காவில் பலருக்குப் பத்து மாத ஒப்பந்தம், அந்தச் சம்பளத்தையே பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து வாங்கிக்கொள்ளும் வசதி பல இடங்களில் உண்டு. பின்லாந்தில் கோடை விடுமுறை பத்து வாரம் அளவுக்கு நீளும். ஆக, உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். கட்டாயப் பயிற்சி எந்த நாட்களில், பள்ளிக்கு வரச் சொல்லும் உரிமை அவர்களுக்கு எத்தனை நாள், இதெல்லாம் தெரியாமல் வீட்டில் திட்டம் போட்டால் பாதியில் ஒரு அழைப்பு வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

அடுத்தது, விடுமுறை வேலை என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறோமே, அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று முடிக்கும் வேலை: மிச்சமிருக்கும் விடைத்தாள், மதிப்பெண் பதிவு, மாணவர் அறிக்கை, கணக்கு ஒப்படைப்பு. இதற்குக் கடைசித் தேதி இருக்கும், அளவும் தெரியும். இன்னொன்று தொடங்கும் வேலை: அடுத்த ஆண்டின் பாடத்திட்டம், பாடக்குறிப்பு, பயிற்சித் தாள், புதிய பாடப்புத்தகத்தைப் படித்துப் பார்ப்பது. இதற்கு அளவே கிடையாது. ஒரு பாடத்தை இரண்டு மணி நேரத்திலும் தயாரிக்கலாம், இரண்டு நாளிலும் தயாரிக்கலாம், எவ்வளவு செய்தாலும் இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கலாமோ என்றுதான் தோன்றும். வீட்டு நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதனால் இரண்டுக்கும் ஒரே முறை பொருந்துமா என்று பார்ப்பதை விட்டுவிட்டுத் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

முதல் வாரத்திலேயே முடித்துவிடும் முறை

முடிக்கும் வேலைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எந்த மாணவன் எங்கே தடுமாறினான், எந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பே மிரள மிரள விழித்தது என்பதெல்லாம் அப்போதுதான் மனதில் பசுமையாக இருக்கும். அறிக்கையை ஒரு மாதம் கழித்து எழுதினால் பெயரைப் பார்த்து முகத்தை நினைவுபடுத்தவே நேரம் போகும். முடிந்தால் இந்த வேலையைப் பள்ளியிலேயே, கோப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே செய்துவிட்டு வீட்டுக்கு வருவது மேல்.

தொடங்கும் வேலையையும் இதிலேயே சேர்த்துவிட நினைப்பவர்களுக்குத்தான் சிக்கல். அடுத்த ஆண்டு எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை என்பது பல பள்ளிகளில் அப்போது முடிவாகியே இருக்காது. ஒன்பதாம் வகுப்புக்கு முழு ஆண்டுக்கும் தயாரித்து வைத்தபின் ஏழாம் வகுப்பைக் கையில் கொடுத்தால் அந்த உழைப்பு வீண். உடம்பும் ஒத்துழைக்காது, ஆண்டு முடிவின் களைப்பு அப்படியே தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை. அதைவிடப் பெரியது பிள்ளைகள் விஷயம். அவர்களுக்கும் அன்றுதான் விடுமுறை தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் "லீவு வரட்டும், லீவு வரட்டும்" என்று சொல்லி வைத்திருப்போம், லீவு வந்த அன்று அம்மாவோ அப்பாவோ மேஜையில் தாள்களோடு உட்கார்ந்திருந்தால், இன்னும் நாலு நாள்தான் என்பது சின்னக் குழந்தைக்கு என்ன புரியும்? பெரிய பிள்ளைகளுக்குப் புரியும், ஆனால் நாலு நாள் என்று சொன்னது நாலு நாளாகவே இருக்க வேண்டும்.

கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளி வைக்கும் முறை

இதற்குச் சோம்பேறித்தனம் என்று ஒரு கெட்ட பெயர் இருக்கிறது, அது நியாயமில்லை. வேலையிலிருந்து மனதை முழுதாக விலக்குவதை ஓய்வின் முதல் கூறாக வைத்து 2007-இல் சபீனே சோனன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் ஆகிய உளவியலாளர்கள் ஒரு அளவுகோலையே உருவாக்கினார்கள். மனம் விலகுவது, உடல் தளர்வது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, நேரம் தன் கையில் இருப்பது என்று நான்கு. முதல் சில வாரம் பள்ளியை மறந்துவிடுபவருக்கு இந்த நான்குமே வாய்க்கலாம். பிள்ளைகளுக்கும் முழு ஆளாகக் கிடைப்பார்.

ஆனால் ஓய்வைச் சேர்த்து வைத்து அடுத்த ஆண்டு முழுவதும் செலவழிக்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது. நெதர்லாந்தில் யெசிகா டி ப்ளூமும் சக ஆய்வாளர்களும் நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மனநிலை ஏறக்குறைய எட்டாம் நாளில் உச்சத்துக்குப் போனது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. ஆசிரியர்களை மட்டுமே வைத்து நடந்த ஆய்வும் உண்டு. யானா கூனலும் சோனன்டாகும் ஜெர்மனியில் 131 ஆசிரியர்களை விடுமுறைக்கு முன்பும் பின்பும் கேட்டு 2011-இல் வெளியிட்டது அது. விடுமுறையின் பலன் ஒரு மாதத்துக்குள் கரைந்துபோனது. திரும்பி வந்ததும் வேலைச் சுமை அதிகமாக இருந்தவர்களுக்குச் சீக்கிரமாகவும், மாலை நேரங்களில் தளர்வாக இருக்க முடிந்தவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாகவும் கரைந்தது.

இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன். வேலையே இல்லாத நாட்கள் தொடர்ச்சியாக ஒரு பத்துப் பதினைந்து வேண்டும், எட்டாம் நாளின் உச்சம் வரை போய்ச் சேரும் அளவுக்கு. அதற்கு மேலும் நீட்டினால் சந்தோஷம்தான், ஆனால் அதற்காகக் கடைசி இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் அடைத்து, முதல் நாள் வகுப்புக்கு ஏற்கெனவே களைத்துப்போய்ப் போவதில் லாபம் இல்லை. அந்தக் கடைசி இரண்டு வாரம் வீட்டுக்கும் மிக நெருக்கடியான காலம் என்பதை இந்த முறைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் புத்தகம், பை, உடை எல்லாம் வாங்க வேண்டும், கலைந்துபோன தூக்க நேரத்தைச் சரிசெய்ய வேண்டும், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆசிரியர் வீட்டில் பெற்றோரின் பள்ளித் திறப்பும் பிள்ளைகளின் பள்ளித் திறப்பும் ஒன்றாக வந்து மோதும். வேறு தொழில் செய்பவர் வீட்டில் இந்த மோதல் இல்லை.

இன்னொன்று, தள்ளி வைத்த வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்ற பயம். இதற்கு எளிய மருந்து ஒன்று இருக்கிறது. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், முடிக்காத வேலை மனதில் குறுக்கிட்டுத் தொல்லை கொடுத்தது, ஆனால் அதை எப்போது எப்படிச் செய்யப் போகிறோம் என்று குறிப்பாகத் திட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. வேலையை முடிக்கவில்லை, திட்டம்தான் எழுதினார்கள், அதற்கே அந்தப் பலன். அதனால் கடைசியில் செய்பவராக இருந்தால், விடுமுறை தொடங்கும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி எந்த வேலை, எந்தத் தேதி, எந்த இடத்தில் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டுப் போனால் அந்த வேலையும் கூடவே வரும்.

தினமும் கொஞ்சம் என்ற முறை

நால்வரில் மூன்று பேர் இதைத்தான் நல்ல முறை என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காலை ஐந்து முதல் ஏழு என்று வைத்துக்கொள்கிறோம். தாளில் அழகாக இருக்கிறது. நடப்பில், ஐந்தரைக்கு ஒரு குழந்தை எழுந்து வந்து மடியில் உட்காரும். ஏழு மணிக்கு ஒரு பயிற்சித் தாள் முக்கால்வாசியில் நிற்கும், இதை மட்டும் முடித்துவிட்டால் போதுமே என்று தோன்றும், எட்டாகும். எட்டுக்கு எழுந்து வரும்போது கால் வெளியே வந்திருக்கும், மனம் அந்தத் தாளிலேயே இருக்கும். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெரூவா 2009-இல் எழுதினார். அலுவலகப் பணிகளைப் பற்றி அவர் சொன்னது, ஆனால் எந்த ஆசிரியர் வீட்டிலும் பார்க்கலாம். பிள்ளை எதையோ ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும், நாம் ம் ம் என்று சொல்லிக்கொண்டிருப்போம், கடைசியில் அது "நீ கேக்கவே இல்ல" என்று எழுந்து போய்விடும்.

இந்த முறையில் மொத்தத்தில் எல்லா நாளும் வேலை நாளாகிவிடுகிறது என்பதுதான் என் குறை. முதலில் சொன்ன மன விலகல் ஒரு நாள்கூட முழுதாகக் கிடைக்காது, எட்டாம் நாளின் உச்சம் வருவதற்குத் தொடர்ச்சி வேண்டும், அதுவும் இருக்காது. வீட்டாருக்கும் தெளிவு இருக்காது. இன்றைக்கு வெளியே போகலாமா என்று கேட்டால், கொஞ்சம் இரு, இதை முடித்துவிடுகிறேன் என்ற பதில் தினமும் வரும்.

அப்படியானால் யாருக்கு இது? கைக்குழந்தை உள்ளவர்களுக்கு, படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு. அவர்களுக்கு முழு நாள் என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது, கிடைக்கும் துண்டு நேரத்தில்தான் செய்தாக வேண்டும், அந்த நிலையில் இதுவே சரியான முறை. அவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. துண்டு நேரத்துக்குப் பொருந்தும் வேலையாக எடுங்கள்: ஒரு பாடத்தைப் படித்துக் குறிப்பெடுப்பது, பத்துக் கேள்வி எழுதுவது போல, அரை மணியில் முடிந்துவிடும் அளவுள்ளவை. ஆண்டு முழுமைக்கான பாடத்திட்டத்தைத் துண்டு நேரத்தில் திறக்காதீர்கள், அது மூடாது. அப்புறம், வாரத்தில் இரண்டு நாளாவது அந்தக் காலை நேரத்தையும் விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

குறிப்பிட்ட நாட்களில் வெளியே போய் வேலை பார்ப்பது

என் தேர்வு இது. நடுவில் முழு ஓய்வு எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் வாரங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், மற்ற வேலை நாட்களைப் போலவே காலையில் கிளம்பி, பள்ளிக்கோ நூலகத்துக்கோ போய், மாலையில் திரும்புவது. பார்க்கக் கடுமையாகத் தெரியும், விடுமுறையில் போய் வேலைக்குக் கிளம்புவதா என்று இருக்கும். ஆனால் வீட்டில் ஆறு நாள் மேஜையில் சிதறிக் கிடக்கும் வேலை, இடையூறில்லாத ஓர் அறையில் இரண்டு நாளில் முடிந்துவிடும். மிச்ச ஐந்து நாளும் சுத்தமாக வீட்டுக்கு. பிள்ளைகளுக்கும் இது எளிதில் புரிகிறது: செவ்வாயும் வியாழனும் அம்மா இல்லை, மற்ற நாள் இருக்கிறாள். மூன்று வயதுக் குழந்தைகூட இதைப் பழகிக்கொள்ளும். அடுத்த அறையில் இருந்துகொண்டே வராத அம்மாவைத்தான் அதனால் புரிந்துகொள்ள முடியாது.

வெளியே போவதில் இன்னொரு நன்மை, அளவில்லாத தொடங்கும் வேலைக்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. கட்டடம் மூடும் நேரம் வரும், எழுந்தாக வேண்டும். இத்தனை நாள்தான் இருக்கிறது என்று தெரிந்தால் எதைத் தயாரிப்பது, எதை விடுவது என்று மனம் தானே தேர்ந்தெடுக்கும். முதல் மாதத்துப் பாடங்களை நன்றாகத் தயாரித்து, மிச்சத்துக்கு ஒரு சட்டகம் மட்டும் போட்டு வைத்தால் போதும் என்பது என் அனுபவம். மாணவர்களைப் பார்க்கும் முன்பே பத்து மாதத்துக்கும் தயாரித்த பாடக்குறிப்பை அவர்களைப் பார்த்த பிறகு எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

குறை என்னவென்றால், அந்த இரண்டு நாளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். துணைவருக்கு விடுமுறை இல்லை, வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை என்றால் இது நின்றுவிடும். இங்கே ஆசிரியர்களுக்குள் ஒரு வழி இருக்கிறது, ஏனோ பலர் முயன்று பார்ப்பதில்லை: பிள்ளைகள் உள்ள சக ஆசிரியர் ஒருவரோடு மாற்றிக்கொள்வது. திங்களும் புதனும் அவருடைய பிள்ளைகளும் உங்கள் வீட்டில், செவ்வாயும் வியாழனும் உங்கள் பிள்ளைகளும் அவர் வீட்டில். பணம் கைமாறத் தேவையில்லை, பிள்ளைகளுக்கும் விளையாட ஆள் கிடைக்கும், இருவருக்கும் ஒரே தேவை என்பதால் கேட்பதற்குக் கூச்சமும் இல்லை.

எதையுமே செய்யாமல் விடுவது

இதுவும் ஒரு தேர்வுதான். போன ஆண்டு நடத்திய அதே வகுப்பு, அதே பாடப்புத்தகம், குறிப்புகள் கையில் இருக்கின்றன என்றால் ஒரு கோடை முழுவதையும் தயாரிப்பில்லாமல் விடலாம், குற்ற உணர்வு தேவையில்லை. வீட்டில் பெரிய இழப்பு நடந்த ஆண்டு, பிள்ளை பிறந்த ஆண்டு, உடல்நலம் கெட்ட ஆண்டு என்றால் விட்டேதான் ஆக வேண்டும். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள், முதல் முறையாகப் பொதுத்தேர்வு வகுப்பு எடுப்பவர்கள், பாடத்திட்டம் மாறிய பாடத்தின் ஆசிரியர்கள் மட்டும் இதைத் தவிர்க்கட்டும்; அவர்களுக்குக் கோடையில் மிச்சப்படும் நேரத்துக்கு இரண்டு மடங்கு பள்ளி திறந்தபின் வீட்டிலிருந்துதான் பறிபோகும்.

கூடுதல் வருமானம் என்ற கேள்வி

விடுமுறையில் சம்பளம் வராத, அல்லது போதாத ஆசிரியர்கள் நிறையப் பேர். அவர்களிடம் போய்க் குடும்பத்தோடு இருங்கள் என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பணமும் குடும்பத்துக்குத்தான். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். வரும் தொகையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு, போக்குவரத்து, வெளியே வாங்கிச் சாப்பிடும் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவதை, அதற்காகச் செலவிட்ட மொத்த நேரத்தால், போய்வரும் நேரமும் தயாரிப்பும் சேர்த்து, வகுத்துப் பாருங்கள். சில வேலைகள் அந்தக் கணக்கில் தாக்குப் பிடிக்கும், பல பிடிக்காது.

என் பார்வையில், ஒரே மூச்சில் முடிந்துவிடும் வேலை, அதாவது இரண்டு வாரத் தேர்வுத் தாள் திருத்தும் பணியோ மூன்று வாரக் கோடை முகாமோ, விடுமுறை முழுவதும் தினமும் மாலை இரண்டு மணி நேரம் நடக்கும் தனி வகுப்பைவிடக் குடும்பத்துக்கு நல்லது. பணம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் சரி. மாலை வகுப்பு எல்லா நாளையும் ஆணி அடித்து நிறுத்திவிடும், நாலு நாள் எங்கும் போக முடியாது, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரமும் அதுதான். வகுப்பறையைப் போலவே இருக்கும் வேலை வகுப்பறைக் களைப்பைக் குறைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்போ தையலோ தோட்ட வேலையோ தெரிந்தவர்கள் அதில் சம்பாதிக்க முடிந்தால் அது உடம்புக்கும் மனதுக்கும் மாற்றமாக இருக்கும். பத்து மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து வாங்கும் வசதி இருந்தால், கோடைக் கவலை பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

"நீ வீட்லதானே இருக்க?"

மேலே சொன்ன எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் கவிழ்க்கக்கூடியது இந்த ஒரு வாக்கியம். ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட வீட்டு வேலைகள் எல்லாம் விடுமுறைக்காகக் காத்திருக்கும். பல் மருத்துவர், கண் பரிசோதனை, ஒழுகும் குழாய், பரணில் கிடக்கும் பெட்டி, வங்கி வேலை, மாமியாரின் முழங்கால் வலிக்குச் சிகிச்சை, உறவினர் வருகை. துணைவர் வேலைக்குப் போகிறார், ஆசிரியர் வீட்டில் இருக்கிறார், ஆகவே எல்லாம் அவர் தலையில். பெண் ஆசிரியர்களுக்கு இது இன்னும் அதிகம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் கைவேலையைவிடப் பெரிய பாரம் ஒன்று இருக்கிறது. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் குடும்பங்களிடம் பேசி எழுதிய ஆய்வில், வீட்டை நடத்தும் மூளை வேலையை நான்கு படிகளாகப் பிரித்தார்: வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் படியில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள், முன்கூட்டியே உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தன. விடுமுறையில் இருக்கும் ஆசிரியருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "நான் வேணா குழாய்க்காரருக்கு போன் பண்றேன்" என்று துணைவர் சொல்வார், மனப்பூர்வமாகத்தான் சொல்வார். ஆனால் குழாய் ஒழுகுகிறது என்று கவனித்தது, அவர் போன் செய்தாரா என்று நினைவில் வைத்திருப்பது, ஆள் வரும் நாளில் வீட்டில் இருப்பது எல்லாம் ஆசிரியர்தான்.

அதனால் விடுமுறை தொடங்கும் முன் துணைவரோடு ஒரு மணி நேரம் உட்கார்வதை நான் மிக முக்கியமாகச் சொல்வேன். நிலுவையில் இருக்கும் எல்லா வீட்டு வேலைகளையும் ஒரே தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் முழுதாக, கவனிப்பதிலிருந்து முடிப்பது வரை, ஒருவர் பேரில் போடுங்கள். சிலவற்றை இந்தக் கோடையில் செய்யப் போவதில்லை என்று இருவரும் சேர்ந்து அடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் செய்து முடிக்கும் கோடை எந்த வீட்டுக்கும் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆசிரியரின் வேலை நாட்கள் எவை என்பதும் அதே தாளில் இருக்கட்டும், அந்த நாட்களில் அவர் வீட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும், இருந்தாலும்கூட.

பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ பார்த்துக்கொள்ளும் வீடுகளில் உடன்பிறந்தவர்களும் இதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். உங்களுக்கு லீவுதானே, அம்மாவைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வைத்துக்கொள்ளலாம், ஆசையாகவே வைத்துக்கொள்ளலாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பேசிவிட்டு வைத்துக்கொண்டால் அம்மாவுக்கும் அலைச்சல் இருக்காது, அண்ணன் தம்பிகளுக்குள்ளும் கசப்பு வராது.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. ஆசிரியரின் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு, விடுமுறையிலும் வீட்டில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அடுத்த ஆண்டுப் பாடத்தை இப்போதே தொடங்கலாமே, இந்தக் கையெழுத்தைத் திருத்தலாமே என்று நமக்குக் கை அரிக்கும். அதையெல்லாம் குடும்ப நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிள்ளை தேர்ந்தெடுத்த விளையாட்டில் பிள்ளை சொல்லும் விதிப்படி ஆடும் நேரமே கணக்கு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க நாம் வேண்டியதும் இல்லை, அவர்கள் பேச வரும் நேரம் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான். விடியற்காலை எழுந்து வேலை பார்க்கும் ஆசிரியர் அந்த நேரத்தில் தூங்கிப் போயிருப்பார். பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தினமும் காலை என்ற முறையை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கைபேசிக் குழுக்களையும் விட்டுவிட முடியாது. ஆசிரியர் குழு, பெற்றோர் குழு, வகுப்புக் குழு என்று ஒலித்துக்கொண்டே இருந்தால் எந்த முறையும் தினமும் கொஞ்சம் என்ற முறையாக மாறிவிடும். முழு ஓய்வு நாட்களில் எல்லாவற்றையும் ஒலியடக்கிவிட்டு, மிக அவசரமானால் மட்டும் நேரடியாக அழைக்கச் சொல்லி ஒரு சக ஆசிரியரிடம் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர் விடுமுறையில் இருக்கும்போது நீங்கள் அதையே அவருக்குச் செய்யலாம்.

ஆறு வாரம் கிடைக்கும் ஆசிரியர், பள்ளி வயதுப் பிள்ளைகள், வேலைக்குப் போகும் துணைவர் என்று ஒரு சராசரி வீட்டுக்கு நான் போடும் திட்டம் இதுதான்: முடிக்கும் வேலையைப் பள்ளி மூடிய மூன்று நான்கு நாளுக்குள் பள்ளியிலேயே முடிப்பது, அதற்கடுத்த இரண்டு, இரண்டரை வாரம் பள்ளி நினைப்பே இல்லாமல் இருப்பது, பிறகு மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே போய்த் தொடங்கும் வேலை. கடைசி மூன்று நாளை வேலைக்கும் கொடுக்காமல் ஊர் சுற்றவும் போகாமல் வீட்டிலேயே, பிள்ளைகளின் தூக்க நேரத்தைச் சரிசெய்துகொண்டு இருப்பது. கைக்குழந்தை இருந்தால் இரண்டு நாளுக்குப் பதில் துண்டு நேரம். பணம் தேவையென்றால் ஓய்வுக்குப் பிந்தைய மூன்று வாரத்தில் ஒரே மூச்சு வேலை, தயாரிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருந்தால் அந்தத் தேதிகளை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு மிச்சத்தை அதைச் சுற்றிப் பொருத்த வேண்டும்.

இதில் எதைக் குறைத்தாலும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு வாரத்தைக் குறைக்காதீர்கள். பள்ளியிலிருந்து யாராவது அழைத்து ஒரு நாள் வந்துவிட்டுப் போங்கள் என்றால், ஒப்பந்தப்படி வர வேண்டிய நாளா என்று பாருங்கள், இல்லையென்றால் எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்பதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்புங்கள்.